கூட்டிப் பார்க்கக் கூடாத கணக்கு

ஒரே ஒரு மனிதரை 50 ஆண்டுகள் ஓய்வில்லாமல் சித்திரவதை செய்வதா, அல்லது எண்ணிச் சொல்ல முடியாத அளவு பெருந்திரளான மக்களில் ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரு தூசி விழுந்து, கசக்கியவுடன் போய்விடும்படி விடுவதா? இரண்டில் ஒன்று நடந்தே தீரும் என்றால் எதைத் தேர்வீர்கள் என்று எலியேசர் யுட்கோவ்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2007ஆம் ஆண்டில் கேட்டார். அந்தப் பெருந்திரளைக் குறிக்க அவர் எடுத்துக்கொண்ட எண், கணினி அறிஞர் டொனால்டு கனூத் 1976இல் அறிமுகப்படுத்திய அம்புக்குறி முறையில் எழுதப்படுவது. மூன்றின் அடுக்கு மூன்று, அதற்கும் அடுக்கு மூன்று என்று மேலே மேலே ஏறும் ஒரு கோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபுரத்தில் 7,62,000 கோடிக்கும் அதிகமான நிலைகள் இருக்கும். இத்தனை பேருடைய தூசிகளைக் கூட்டினால் அந்தத் தொகை எந்தச் சித்திரவதையையும் தாண்டிவிடும், ஆகவே ஒருவரைச் சித்திரவதைக்கு விடுவதே சரி என்பது அவருடைய விடை.

கோவையில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் இந்த விடையை மனதார ஏற்றுக்கொண்டிருக்கிறான். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் இதைப் பற்றி எங்களுக்குள் பேச்சு வரும். "உங்களுக்கு மனசுக்குப் புடிக்கலீங்க மாமா, அவ்வளவுதான். கணக்குல தப்பு இருந்தா எந்த வரியிலன்னு சொல்லுங்க" என்பான். நியாயமான கேள்வி. பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம் ஆகாது. உலகத்தில் பிடிக்காத உண்மைகள் நிறைய உண்டு. ஆனால் தப்பு இருக்கும் வரியை என்னால் காட்ட முடியும் என்றே நினைக்கிறேன். அது முதல் வரி. கூட்டல் குறி போடும் அந்த இடத்திலேயே கணக்கு பிசகிவிடுகிறது.

வலி என்றால் யாரோ ஒருவருக்கு வலிக்க வேண்டும். ஆயிரம் பேர் கண்ணில் ஆயிரம் தூசிகள் விழுந்தால், ஒரு தூசியின் உறுத்தலை அனுபவித்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆயிரம் தூசிகளின் உறுத்தலை அனுபவித்தவர் என்று ஒருவர்கூட இருக்க மாட்டார். ஆயிரத்தைக் கோடியாக்கினாலும், கனூத்தின் கோபுரத்தில் ஏறி நின்றாலும் நிலைமை இதுதான். அந்த மாபெரும் கூட்டுத்தொகை காகிதத்தில் மட்டும் இருக்கிறது, அதைச் சுமக்கும் உடம்பு எங்கும் கிடையாது. சித்திரவதைக்கு ஆளானவரின் 50 ஆண்டுகளோ, நேற்றைய வலியின் நினைவும் நாளைய வலியைப் பற்றிய அச்சமும் சேர்ந்து, முழுவதும் ஓர் உடம்பிலேயே நடக்கின்றன. அங்கே கூட்டல் நிஜமாகவே நடக்கிறது, ஏனென்றால் முதல் நாளின் வலியும் கடைசி நாளின் வலியும் ஒரே ஆளுக்குத்தான். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர், உண்மையில் இருக்கும் ஒன்றையும் எங்குமே இல்லாத ஒன்றையும் ஒப்பிடுகிறார்.

இதனால் எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் உயிரைக் காப்பதா ஐந்து பேர் உயிரைக் காப்பதா என்ற நிலையில்கூட வெறும் எண்ணிக்கை தீர்மானிக்கக் கூடாது என்று ஜான் டாரெக் என்ற தத்துவ அறிஞர் 1977இல் வாதிட்டார். அவ்வளவு தூரம் போக எனக்கு மனம் வரவில்லை. கிணற்றில் ஒரு பக்கம் ஒருவரும் மறு பக்கம் ஐந்து பேரும் தத்தளித்து, கயிறு ஒன்றே ஒன்று இருந்தால், ஐந்து பேர் இருக்கும் பக்கம் கயிற்றை வீசுவேன். ஏனெனில் அங்கே தனித்தனியாக ஐந்து பேர் ஒவ்வொருவருக்கும் போவது, இந்தப் பக்கம் இருப்பவருக்குப் போகும் அதே உயிர். ஒரே எடையுள்ள இழப்புகளில் எண்ணிக்கை பேசட்டும். ஓர் உயிருக்கு எதிராகக் கொட்டாவிகளை அடுக்கும்போதுதான் நான் தராசைக் கீழே வைத்துவிடுகிறேன்.

எங்கள் பக்கம், அதாவது சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் வட்டாரத்தில், இந்தக் கேள்விக்கு நடைமுறையில் விடை சொல்லும் ஏற்பாடு ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதை எல்.சி. என்பார்கள், லைன் கிளியர் என்பதன் சுருக்கம். உயர் அழுத்தக் கம்பியில் பழுது என்றால், துணை மின் நிலையத்தில் பணியில் இருக்கும் ஆபரேட்டர் அந்தப் பீடரை, அதாவது நிலையத்திலிருந்து அந்த வட்டாரத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைனை நிறுத்தி, இன்ன நேரத்தில் இன்னாருடைய பொறுப்பில் லைன் கொடுக்கப்பட்டது என்று பதிவு செய்த பிறகுதான் கம்பத்தில் ஆள் ஏற வேண்டும். ஏறுவதற்கு முன், லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டி, வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் கம்பிகளில் எர்த் ராடு மாட்டித் தரையோடு இணைக்க வேண்டும். வேலை முடிந்து, மேலே ஏறியவர்கள் அனைவரும் இறங்கிவிட்டார்களா என்று பார்த்து, எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்த பிறகே மின்சாரம் வரும். அதுவரை அந்தப் பீடரில் இருக்கும் அத்தனை வீடுகளும் கடைகளும் தறிக்குடோன்களும் காத்திருக்க வேண்டியதுதான்.

விசைத்தறி ஊரில் காத்திருப்பது என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். காலை முதல் காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் ஒரு நொடியில் நின்றுபோகும். ஓடிக்கொண்டிருந்த தறி பாதியில் நின்று, பின்பு மறுபடி ஓடத் தொடங்கும் இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். துணியை மடித்துப் பார்க்கும்போது அந்தக் கோட்டைக் காட்டிக் கூலியில் பிடித்தம் செய்பவர்களும் உண்டு. நெசவாளருக்கு மீட்டர் கணக்கில் கூலி. தறி நின்றால் வருமானமும் நின்றது. ஆகவே கரண்ட் எப்போது வரும் என்று கேட்பதற்கு எல்லோருக்கும் காரணம் இருக்கிறது.

எங்கள் தெருமுனைக் கம்பத்தில் ஜம்பர் என்னும் இணைப்புக் கம்பி கருகிய ஒரு பிற்பகலில் இதை மிக அருகில் நின்று பார்த்தேன். மேலே ஒருவர் இடுப்புப் பட்டையைக் கம்பத்தோடு மாட்டிக்கொண்டு, கருகிய கம்பித் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். எர்த் ராடின் செம்புக் கம்பி கம்பத்தை ஒட்டித் தொங்கி, தரையில் அடித்திருந்த முளையில் முடிந்தது. கீழே நின்றிருந்த போர்மேனின் செல்பேசி ஓயவில்லை. பக்கத்துக் குடோன்காரர் வந்து, ஏற்றுமதிக்குத் துணி போக வேண்டிய அவசரத்தைச் சொல்லி, "கொஞ்ச நேரம் போட்டுட்டு அப்பறம் மறுபடி நிறுத்திக்கலாமுங்களா?" என்று கேட்டார். போர்மேன் கோபப்படவில்லை. "மேல ஆளு இருக்கறாருங்க" என்றார். கேட்டவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, மறு பேச்சில்லாமல் திரும்பிப் போனார். ஒரு பீடரில் எத்தனை தறிகள், ஒரு தறிக்கு மணிக்கு எவ்வளவு நட்டம், அவற்றைப் பெருக்கினால் என்ன வரும் என்று அங்கே யாரும் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் பெரிய தொகைதான் வந்திருக்கும். அந்தத் தொகை அந்த இடத்தில் பேசத் தகுதியற்றது என்பது அங்கிருந்த அனைவருக்கும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

டி. எம். ஸ்கான்லன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1998இல் இதற்கு மிக நெருங்கிய ஓர் உதாரணத்தை எழுதினார் என்பதைப் பிற்பாடு அறிந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. தொலைக்காட்சி நிலையத்தின் ஒளிபரப்பு அறையில் ஒருவர் கை மீது கருவி விழுந்து நசுக்கிவிடுகிறது. கடும் மின் அதிர்ச்சி அவரைத் தாக்கிக்கொண்டே இருக்கிறது. அவரை விடுவிக்க வேண்டும் என்றால் ஒளிபரப்பைக் கால் மணி நேரம் நிறுத்த வேண்டும். அப்போது உலகக் கோப்பைப் போட்டியை மிகப் பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டம் முடியும் வரை அவரைக் காத்திருக்கச் சொல்லலாமா? பார்ப்பவர்கள் ஒரு லட்சமா, ஒரு கோடியா, நூறு கோடியா என்பதைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்கிறார் ஸ்கான்லன். பார்வையாளர்களில் எந்த ஒருவரும் தன்னுடைய இழப்பைத் தனியாக எடுத்துக்கொண்டு அந்த மனிதர் முன்னால் வந்து நின்று, "உன் வேதனையைவிட என் நட்டம் பெரிது" என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல யாராலும் முடியாதபோது, எல்லோரும் சேர்ந்து மட்டும் எப்படிச் சொல்ல முடியும்? எங்கள் தெருவின் போர்மேன் சொன்ன மூன்று சொற்களில் இந்த வாதம் முழுவதும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஒருவர் ஒருவராக முன்னால் வந்து நிற்க வைக்கும் இந்த முறையில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: பலர் என்ற திரளுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. மின்தடையால் அவதிப்படுவோர் எல்லோருக்கும் நேர்வது தூசி அளவுத் துன்பம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு இருக்கும் நோயாளிக்கு அது மூச்சுப் பிரச்சினை. கோழிப்பண்ணையில் சித்திரை வெயிலில் மின்விசிறிகள் நின்றால் கொட்டகையோடு கோழிகள் செத்துப்போகும். அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் நெசவாளர் வீட்டில் ஒரு ஷிப்டு போனால் அது ஒரு வேளைச் சாப்பாடு. கூட்டிப் பார்ப்பவர் இவர்களை எல்லாம் சராசரிக்குள் கரைத்துவிடுகிறார். ஆளுக்கு ஆள் பார்ப்பவரோ, நோயாளியின் வீட்டுக்கு முன்கூட்டியே செய்தி போயிருக்கிறதா, மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்கிறார். பராமரிப்பு மின்தடை நாளையும் அது எந்தெந்த ஊர்களுக்கு என்பதையும் முன்கூட்டியே நாளிதழில் அறிவிப்பதன் பயன் இதுதான்.

இன்னும் ஒன்றையும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். எல்.சி. வாங்கிய லைனிலும் ஆள் சாவது உண்டு. அதற்கு ஒரு காரணம், யாரோ ஒருவர் தன் வீட்டிலோ குடோனிலோ வெளி லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைத்து ஓட்டுவது. அந்த மின்சாரம் டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாகப் போய், உயர் அழுத்தமாக மாறிக் கம்பியில் ஏறும். எர்த் ராடு மாட்டியிருந்தால் மேலே இருப்பவர் பிழைப்பார், மாட்டாமல் விட்டிருந்தால் பிழைக்க மாட்டார். நான்கு விளக்கும் ஒரு விசிறியும் ஓடட்டும் என்று செய்த காரியம் அது. சேஞ்ச் ஓவர் சுவிட்சு வாங்கிப் பொருத்துவதற்கு ஆகும் செலவை எண்ணித் தள்ளிப்போடும் தறிக்குடோன்காரர்கள் இந்த ஒரு பத்தியையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்படியானால் சிறு தீங்குகளை எந்தக் காலத்திலும் கூட்டவே கூடாதா? கூட்ட வேண்டிய இடம் இருக்கிறது, அது எங்கள் கண் முன்னாலேயே ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் நொய்யலைத்தான் சொல்கிறேன். திருப்பூரின் சாயப்பட்டறைகளில் ஒன்று, ஒரு நாளில் வெளியேற்றிய உப்புத் தண்ணீரை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், அதனால் எந்தக் கிணறும் கெட்டது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. என் பட்டறை ஒன்றால் என்ன ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். ஒவ்வொருவரும் சொன்னது ஏறத்தாழ உண்மையும்கூட. ஆனால் நூற்றுக்கணக்கான பட்டறைகளின் கழிவும் ஒரே ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியது. தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிப் போராடுவதுதான் விவசாயிகளின் வழக்கம். அந்த அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகள் போராடும் நிலை வந்தது. கிணறுகள் உப்பேறின, தென்னைகள் காய்ந்தன, இளநீரே உப்புக் கரிக்கிறது என்று ஆற்றங்கரைக்காரர்கள் சொன்னார்கள்.

டெரிக் பார்பிட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1984இல் ஓர் உதாரணம் எழுதினார். ஆயிரம் கொடுமைக்காரர்கள், ஆயிரம் கைதிகள். ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை ஒரு முறை அழுத்துகிறார். அதனால் எல்லாக் கைதிகளுக்கும் உணரவே முடியாத அளவு வலி கூடுகிறது. ஆயிரம் பேரும் அழுத்தி முடித்த பின் எல்லாக் கைதிகளும் தாங்க முடியாத வேதனையில் துடிக்கிறார்கள், ஆனால் அழுத்தியவர்களில் யாரும் யாருக்கும் வலியை உணரும்படி கூட்டவில்லை. நொய்யலில் நடந்தது இதுவே. இங்கே கூட்டல் சரி, ஏனென்றால் அந்தத் தொகை வந்து சேர ஒரு ஆள் இருக்கிறார்: கடைமடையில் நான்கு ஏக்கர் வைத்திருந்த விவசாயி. தூசிக் கணக்கில் துன்பம் பல உடம்புகளில் சிதறிக் கிடக்கிறது, நொய்யலில் அது பல கைகளிலிருந்து வந்து ஒரே உடம்பில் சேர்ந்தது. இரண்டையும் பலருடைய சிறு தீங்கு என்று ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது. எத்தனை பேர் செய்தார்கள் என்பதைவிட, அது யார் மேல் போய் விழுந்தது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது; 700க்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள், அது தூசி அல்ல; வாடகை வீட்டில் இருந்துகொண்டு பனியன் கம்பெனிக்குப் போய்வந்த குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. ஆகவே அந்தத் தீர்ப்பை ஒருவருடைய பெருந்துன்பத்துக்கும் பலருடைய சிறு சங்கடத்துக்கும் இடையிலான வழக்காக நான் காட்டமாட்டேன். இரு பக்கமும் கனம் இருந்தது. ஆனால் பிற்பாடு கிடைத்த தீர்வைப் பாருங்கள்: கழிவு ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரித்துத் தண்ணீரையும் உப்பையும் மறுபடி பயன்படுத்தும் பொது நிலையங்கள். அதற்கு ஆகும் செலவு சாயக்கூலியில் ஏறி, துணியின் விலையில் ஏறி, எங்கோ ஒரு நாட்டில் பனியன் வாங்குபவரிடம் சிறு தொகையாகப் போய்ச் சேருகிறது. இதைப் பற்றி இன்னும் சொல்வதற்கு இருக்கிறது. அதற்கு முன்னால் என் மருமகனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவனுடைய வலுவான வாதம் இது. ஒருவருக்கு 50 ஆண்டுச் சித்திரவதை ஒரு பக்கம். அதைவிட ஒரு மாதம் குறைவான சித்திரவதை ஆயிரம் பேருக்கு என்பது மறு பக்கம். இரண்டாவதே கொடியது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். இப்படியே ஒவ்வொரு படியிலும் துன்பத்தைச் சற்றுக் குறைத்து, ஆட்களை ஆயிரம் மடங்கு கூட்டிக்கொண்டு போனால், கடைசிப் படியில் தூசி வந்துவிடும். ஒவ்வொரு படியிலும் ஆமாம் என்று தலையாட்டியவர் கடைசியில் மட்டும் இல்லை என்று சொல்வது எப்படி? "எந்தப் படியில நிக்கறீங்க மாமா?" என்று கேட்பான்.

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஒரு படியை விரல் வைத்துக் காட்ட என்னால் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நொய்யல் கரைக் கிணறுகளில் எந்த நாளின் உப்பு நிலத்தைச் சாகடித்தது என்று எந்த விவசாயியாலும் சொல்ல முடியாது. அதற்காக நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கும் செத்துப்போன கிணற்றுக்கும் வித்தியாசம் இல்லை என்று ஆகிவிடாது. அந்தப் படிகளின் வரிசையில் எங்கோ ஒரு பரந்த இடைவெளியில், ஒரு வாழ்க்கையை உடைத்துப்போடும் துன்பம் முடிந்து, வாழ்க்கை தனக்குள் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடும் துன்பம் தொடங்குகிறது. அந்த இடைவெளியில் நிற்கும் வழக்குகளில் நான் தடுமாறுவேன். பல்வலிக்கும் கை முறிவுக்கும் இடையில் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டால் எனக்கு உறுதியான விடை இல்லை. என் நிலைப்பாட்டுக்கு இது ஒரு விலை, அதைக் கொடுக்கச் சம்மதிக்கிறேன். மறு பக்கத்தின் விலையோ, ஒரு மனிதரை 50 ஆண்டுகள் கதற விட்டுவிட்டு, கண்ணைக் கசக்குவதிலிருந்து உலகத்தைக் காப்பாற்றினோம் என்று சொல்வது. அந்த விலையைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

இன்னொரு மறுப்பு சாலையைப் பற்றியது. அலஸ்டர் நார்கிராஸ் என்ற தத்துவ அறிஞர் 1997இல் எழுதிய கட்டுரையில், நெடுஞ்சாலை வேக வரம்பைக் கூட்டினால் சிலர் கூடுதலாகச் சாவார்கள் என்று தெரிந்தும் பலருடைய சில நிமிட வசதிக்காக நாம் அதை ஏற்கிறோம் அல்லவா, அப்படியானால் சிறு வசதிகளின் கூட்டுத்தொகைக்கு உயிரை விலையாகக் கொடுப்பதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டோம் என்று சொல்கிறார். இதற்குப் பாதி ஒப்புதல்தான் தர முடியும். காரில் போகும் ஒவ்வொருவரும் வேகத்தின் பயனையும் வேகத்தின் ஆபத்தையும் தம் பங்குக்குத் தாமே எடுத்துக்கொள்கிறார். பயணத்துக்கு முன் அவரவர் நிலையில் நின்று பார்த்தால் அது ஓரளவு நியாயமான பேரம். ஆனால் அந்தச் சாலையைக் குறுக்கே கடந்து மில் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்கு அந்த வேகத்தால் எந்தப் பயனும் கிடையாது, ஆபத்து மட்டுமே அவருடைய பங்கு. நான்கு வழிச் சாலை ஊரை இரண்டாகப் பிளந்த இடங்களில் ஒரு சாவு நடந்ததும் மக்கள் சாலையில் உட்கார்ந்து சுரங்கப்பாதையோ வேகத்தடையோ கேட்பது இதனால்தான். ஆயிரம் வண்டிகள் வேகத்தைக் குறைத்து ஏறி இறங்கட்டும், ஒரு பெண் உயிரோடு மறு பக்கம் போகட்டும் என்ற அந்தக் கோரிக்கையில் நான் எந்தக் குறையும் காணவில்லை.

ஏரிக்கரை நிற்பதற்காக ஒரு பெண்ணைப் பலி கொடுத்ததாகச் சொல்லும் கதைகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. பலியானவளே பிற்பாடு அந்தக் கரையில் தெய்வமாக நிற்பாள், ஊர் அவளுக்குப் பொங்கல் வைக்கும். அங்கே மறு பக்கம் இருந்தது தூசி அல்ல. கரை உடைந்தால் ஊரே போகும் என்ற அச்சம் இருந்தது. அப்படிப்பட்ட நிலையிலும், செய்தது சரியான கணக்கு என்று சொல்லி அந்த மக்கள் அவளை மறந்துவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக அவளிடம் கடன்பட்டவர்களாகவே நிற்கிறார்கள். கூட்டிக் கழித்து விடை கண்டுவிட்டோம் என்பவருக்கு இந்தக் கடன் புரியாது.

ஒருவர் மேல் விழும் சுமையைப் பலரும் பகிர்ந்துகொள்வது பற்றி முன்பு பாதியில் விட்ட பேச்சுக்கு இப்போது வருகிறேன். கேரளத்தின் கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் குழாய் வழியே எரிவாயு கொண்டுபோகும், பொதுத்துறை நிறுவனமான கெயிலின் திட்டத்தில் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்கள் ஏழில் 310 கிலோமீட்டர் தூரம் விளைநிலத்தின் வழியே போக வேண்டியிருந்தது. 1962ஆம் ஆண்டின் குழாய்ச் சட்டப்படி நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும், ஆனால் குழாய் போகும் பட்டையில் மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்காகச் சட்டம் சொல்லும் இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013இல் மாநில அரசு சொன்னது. 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்பளித்தது. மூன்று ஏக்கர் தென்னந்தோப்பின் நடுவே அந்தப் பட்டை போனால், தோப்பு என்று சொல்ல மிச்சம் என்ன இருக்கும் என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் கேட்டார்கள். அது சித்திரவதை இல்லைதான். ஆனால் மகள் கல்யாணத்துக்கு அடமானம் வைக்க இருக்கும் ஒரே சொத்து அது என்றால், அந்தக் குடும்பத்துக்கு அது தூசியும் இல்லை.

அடுத்து உயர் மின் கோபுரங்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட்டைக் கொண்டுவரும் பாதையும், புகளூரிலிருந்து திருச்சூருக்கு 320 கிலோவோல்ட்டில் 2,000 மெகாவாட்டைக் கொண்டுபோகும் பாதையும் கொங்கு மண்ணின் விளைநிலங்கள் மீது போகின்றன. இரண்டாவது பாதை தமிழ்நாட்டில் கோபுரங்கள் வழியாகப் போய், கேரளத்துக்குள் ஒரு பகுதியில் சாலையோரமாகப் பூமிக்கடியில் கேபிளாகப் போகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று நம் விவசாயிகள் கேட்டது சரியான கேள்வி. 800 கிலோவோல்ட்டை நெடுந்தூரம் பூமிக்கடியில் கொண்டுபோவது வேறு அளவிலான வேலை என்று பொறியாளர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. கேபிள் முடியாத இடத்தில் முழு இழப்பீடு முடியும். கோபுரக் காலடி மட்டுமல்லாமல், கம்பிக்கு அடியில் மதிப்பிழக்கும் நிலம் முழுவதற்கும், வெட்டப்படும் மரம் இனிக் காய்க்க இருந்த ஆண்டுகளுக்கும் சேர்த்து, அந்தக் குடும்பம் முன்னிருந்த நிலையிலேயே இருக்கும்படி கொடுக்க முடியும். அதற்கு ஆகும் தொகையை அந்த மின்சாரத்தைப் பயன்படுத்தும் எல்லோருடைய கட்டணத்திலும் ஏற்றினால், ஒவ்வொருவருக்கும் வருவது கண்ணில் விழும் தூசியைவிடச் சிறியதாகவே இருக்கும்.

பணத்தால் பிரிக்கக் கூடிய சுமையாக இருந்தும், அதைப் பிரிக்காமல் ஒருவர் தலையிலேயே விட்டுவைத்துவிட்டு, பலருக்கு மின்சாரம் கிடைக்கிறது, பலருக்கு எரிவாயு கிடைக்கிறது என்று பயன்களை மட்டும் கூட்டிக் காட்டுவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. சித்திரவதையைப் பிரித்துக் கொடுக்க முடியாது. அதனால்தான் அந்தக் கேள்வி அவ்வளவு கடினமாக இருக்கிறது. தென்னந்தோப்பின் இழப்பைப் பிரிக்க முடியும், சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவைப் பிரிக்க முடியும் என்பதைத் திருப்பூர் காட்டிவிட்டது. என் தறிக்குடோனின் மின் கட்டணத்தில் அதற்காக ஒரு தொகை ஏறினால் நான் மனமுவந்து கட்டுவேன். இதை எங்கள் விசைத்தறியாளர் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். கூலி உயர்வுக்கே வழியில்லாதபோது இது வேறா என்று சிலர் கேட்டார்கள். மின் கோபுரம் வந்து நின்ற தோட்டத்துக்காரர்களில் இருவர் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் தறி வைத்திருப்பவர்கள்தான். அடுத்த கூட்டத்தில் அவர்களைப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.